படிக்கிணறும் நரம்புச் சிலந்தியும்

குஜராத்திலும் இராஜஸ்தானத்திலும் வாழும் தமிழன்பர்கள், விடுமுறை நாள்களில் படிக்கிணறுகளைக் காணச் செல்வதுண்டு. பதினோராம் நூற்றாண்டில் சோலங்கி அரசி உதயமதி பாட்டன் நகரில் எடுப்பித்த ‘ராணி கி வாவ்’ அவற்றுள் தலையாயது. 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. சிற்பங்களை வியந்து திரும்பும் நாம், படிகள் எதற்காக அமைந்தன என்று எண்ணுவதில்லை. நீர் ஆழத்தில் கிடக்கும் வறண்ட நாட்டில், மக்கள் நீரைத் தேடி இறங்கிச் செல்லும் வழி அது. சிற்பம் ஏதுமற்ற எளிய படிக்கிணறுகள் உழவர் வாழும் சிற்றூர்களில் ஏராளமாக இருந்தன. ஈண்டுக் கூறப்புகுவது அவற்றின் வரலாறே.

அப்படிகளின் வழியே ஒரு நோயும் நீரில் இறங்கியது. வடபுலத்தார் அதனை ‘நாரு’ என்பர். தமிழில் அதற்கு நரம்புச் சிலந்தி என்று பெயர். நோயுற்றவர் காலில் கொப்புளம் தோன்றி நெருப்பாய் எரியும். நீர் முகக்க இறங்கும் பெண், எரிச்சல் தணியக் காலை நீரில் வைப்பாள். உடனே கொப்புளம் உடைந்து, உள்ளிருக்கும் புழு இலட்சக்கணக்கான குஞ்சுகளை நீரில் விடும். அவற்றைச் சைக்ளாப்ஸ் என்னும் மிகச்சிறிய நீர்ப்பூச்சி விழுங்கும். அந்நீரை வடிகட்டாது குடித்தவர் உடலில், ஏறத்தாழ ஓராண்டு கழிந்தபின், ஒரு மீட்டர் நீளம்வரை வளர்ந்த புழு தோலைத் துளைத்து வெளிவரும். சிறு குச்சியில் நாளுக்குச் சிறிதாகச் சுற்றி அதனை இழுத்தெடுக்க வேண்டும். இடையில் அறுந்தால் கால் வீங்கிச் சீழ்கொள்ளும்.

ஓராண்டுக் கணக்காதலின், நோய் ஆண்டுதோறும் அதே பருவத்தில் திரும்பி வந்தது. வீட்டில் இருவர் படுத்துவிட்டால் அவ்வாண்டு உழவுக்கு ஆளில்லை. உயிரிழப்பு அரிது, அதனாற்றான் போலும், ஆட்சியாளர் நெடுங்காலம் இதனைப் பெரிதாகக் கருதவில்லை.

நீர்ப்பூச்சியின் பங்கினைத் துருக்கிஸ்தானத்தில் ஆராய்ந்து 1870-ஆம் ஆண்டையொட்டிக் கண்டறிந்தவர் ருஷ்ய அறிஞர் ஃபெட்சென்கோ. 1930-களில் மைசூர் சமஸ்தானத்துச் சித்திரதுர்க்கப் பகுதியில் வி. என். மூர்த்தி, படிக்கிணறுகளில் சிறு மீன்களை விட்டு அப்பூச்சியைத் தின்னச் செய்தார். வழி இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும், நாடளாவிய ஒழிப்புத் திட்டம் 1983-84-இல்தான் தொடங்கிற்று. அப்போது ஏழு மாநிலங்களில் ஏறத்தாழ 40,000 பேர் நோயுற்றிருந்தனர். தமிழ்நாடும் அவ்வேழில் ஒன்று.

பாசனத்திற்கு ஏரியும் கண்மாயும், குடிநீருக்கு ஊருணியும் என வேறுபடுத்தி வைத்தவர் நம் முன்னோர். வள்ளுவரும் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் ஊருணியை உவமையாக்கினார். ஆயினும் பெயரால் பிரித்துவைத்த அளவில் நீர் தூயதாகிவிடுவதில்லை. எவ்வாறாயினும் எண்பதுகளின் தொடக்கத்திலேயே தமிழ்நாடு இந்நோயிலிருந்து விடுபட்டது.

இந்நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை, புழுவைக் கொல்லும் மருந்தும் இல்லை. செய்யக் கூடியது ஒன்றே: குடிநீரில் மனிதக் கால் படாமற் காப்பது. படிகளை அடைத்துச் சுவரெழுப்பி, கயிறும் வாளியும் கொண்டு இறைக்கும் கிணறுகளாக மாற்றினர். கைப்பம்புகள் நாட்டினர். டெமிஃபாஸ் என்னும் மருந்தைச் சிறிதளவு நீரிலிட்டுப் பூச்சியைக் கொன்றனர். குடிநீரைத் துணியில் வடிகட்டும்படி வீடுதோறும் சென்று கற்பித்தனர். தலைமுறை தலைமுறையாய் இறங்கிய படிகளை அடைக்க ஊரார் எளிதில் இசைவரோ? நிலத்தடி நீர் உவர்க்கும் இடங்களில் பழைய கிணற்று நீரையே மக்கள் விரும்பினர். தென் இராஜஸ்தானத்துப் பழங்குடி ஊர்களில் பெண்களே கைப்பம்பு பழுதுபார்க்கக் கற்றனர். நீர் சுமந்தவர் அவர்களாதலின், இதனை இத்திட்டத்தின் சிறந்த பகுதியென்பேன்.

1996 ஜூலையில் ஜோத்பூர் மாவட்டத்தில் இறுதி நோயாளி காணப்பட்டார். 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம், இந்தியா இந்நோயினின்று விடுபட்டதெனச் சான்றளித்தது.

கைப்பம்பு தந்த ஆழ்நீரிலோ, இராஜஸ்தானத்தின் பல ஊர்களில் ஃபுளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுத்தது. உரமிட்ட வயல்களிலிருந்து நைட்ரேட்டும் நிலத்தடி நீரில் இறங்குகிறது. துணியில் வடிகட்டினும் காய்ச்சினும் இவை நீங்குவதில்லை.