உப்பனாற்றின் கடைமடையும் செஞ்சிப் பக்கத்து மழையும்

புதுச்சேரி நகரின் தென்பகுதியில், உப்பளம் வழியே கழிமுகத்தை நோக்கிச் செல்லும் உப்பனாறு வாய்க்கால் ஒவ்வோர் ஐப்பசியிலும் பேசுபொருளாகிறது. தூர்வாருதல், பக்கச்சுவர் எழுப்புதல், ஆகாயத்தாமரையை அகற்றுதல், மோட்டார் வைத்து இறைத்தல் என்று பேச்சு முழுவதும் வாய்க்காலின் இரு கரைகளுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து வேறு. உப்பளத்தில் தேங்கும் நீரின் கதி உப்பளத்தில் தீர்மானமாவதில்லை. அதற்கு மேலே உள்ள மேடும் ஏரிகளும் ஆறும், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் பகுதியையும் சேர்த்து, ஒரே அமைப்பின் பொறுப்பில் காக்கப்பட்டால் ஒழிய கடைமடையில் செய்யும் செலவு நிலைக்காது.

நிலத்தின் அமைப்பே இதற்கு முதல் சான்று. நகருக்கு வடக்கே கோரிமேடு, லாசுப்பேட்டை, காலாப்பட்டு என்று செம்மண் மேடு எழுகிறது. மேற்கிலும் தெற்கிலும், செஞ்சிக் குன்றுகளின் பக்கமிருந்து வரும் சங்கராபரணி ஆற்றின் வண்டல் சமவெளி விரிகிறது. இரண்டுக்கும் இடையில், கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் தாழ்நிலத்தில்தான் பழைய உவர்நிலங்கள் இருந்தன. அங்கே வாய்க்காலின் சாய்வு மிகச் சொற்பம். அமாவாசை, பௌர்ணமி ஓதம் ஏறி நிற்கும் வேளையில் மேலிருந்து வரும் நீர் இறங்க இடமின்றி நிற்கிறது. புயல் கடலை மேலும் உயர்த்தினால் எதிரேறவும் செய்கிறது. அந்தச் சில மணி நேரத்துக்கு வாய்க்கால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் பயனில்லை. நீர் வேறெங்காவது தங்கியிருக்க வேண்டும். அதற்கான இடம் மேலே மட்டுமே உண்டு.

அந்த இடத்தை நம் முன்னோர் அமைத்தே வைத்திருந்தனர். புதுச்சேரி வட்டாரத்தில் 84 ஏரிகள் கணக்கில் உள்ளன. ஏரி என்பது தனித்த குழியன்று. ஓர் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் போக்கு வாய்க்காலில் இறங்கி அடுத்த ஏரிக்கு வரத்தாகிறது. நடுவில் ஒரு வாய்க்கால் தூர்ந்தாலும் கீழே உள்ள ஏரி வறண்டு, மேலே உள்ள ஊர் மூழ்கும். ஊசுட்டேரிக்குச் சங்கராபரணியின் வெள்ளம் சுத்துக்கேணி வழியாக வருகிறது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையின் நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் மூலம் வருகிறது. இவ்வேரிகள் பயிருக்கு மட்டும் உரியவையும் அல்ல. நகரின் குடிநீர் முழுக்க நிலத்தடி நீரே. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் வெள்ளை நகரத்துக்கு நீர் கொண்டுவரப்பட்டதும், அதன் நினைவாக ஆயி மண்டபம் எழுந்ததும் மேற்கே முத்திரையர்பாளையத்து ஊற்றுகளை நம்பித்தான். மேற்கே ஏரி நிறைந்தால் கிழக்கே கிணறு இனிக்கும், மழைநாளில் வீதி வற்றும். இரண்டும் ஒரே வேலை என்பதை ஆட்சித் துறைகளின் பிரிவினை மறைத்துவிடுகிறது.

எல்லைக்கோடு அதைவிட மோசமாக மறைக்கிறது. பிரெஞ்சு ஆட்சியிடமிருந்து 1954இல் நடைமுறையிலும் 1962இல் சட்டப்படியும் கைமாறிய இவ்வட்டாரம் தொடர்ச்சியான நிலப்பரப்பன்று. தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கிடையே துண்டுதுண்டாகச் சிதறிக் கிடக்கிறது. ஊசுட்டேரியின் ஒரு பகுதி புதுச்சேரிக்கும் மறுபகுதி விழுப்புரம் மாவட்டத்துக்கும் உரியது. புதுச்சேரி அரசு தன் பகுதியை 2008இல் சரணாலயமாக்கியது. தமிழ்நாடு பின்னர் தன் பகுதியைத் தனியே அறிவித்தது. ஒரே நீர்ப்பரப்புக்கு இரண்டு அறிவிக்கைகள், இரண்டு வனத்துறைகள். பறவைகளுக்கு இதனால் பெரிய இடர் இல்லாமல் போகலாம். வரத்து வாய்க்காலுக்கு உண்டு. அது எந்த அறிவிக்கைக்குள்ளும் முழுமையாக அடங்குவதில்லை.

2024 நவம்பர் இறுதியில் கரைகடந்த ஃபெஞ்சல் புயல் இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்குக் குறையாத மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் மக்களைப் படகில் மீட்க நேர்ந்தது. மழை ஓய்ந்த பிறகு இரண்டாவது வெள்ளம் வந்தது. வீடூர் அணை நிறைந்து சங்கராபரணி பெருகியது. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிடப்பட்ட தென்பெண்ணை நீர் பாகூர்ப் பகுதியைச் சூழ்ந்தது. அவ்விரு அணைகளும் தமிழ்நாட்டில் உள்ளவை. இந்த இரண்டாவது வெள்ளம் எங்கிருந்து வந்ததோ அங்கே புதுச்சேரிக்கு அதிகாரமும் இல்லை, அணை நிர்வாகத்தில் இருக்கையும் இல்லை. தீங்கு மறுதிசையிலும் பாய்கிறது. 1980களில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் வடக்கு நோக்கிய மணல் ஓட்டத்தை மறித்தன. நகரின் கடற்கரை கரைந்தது. அதைக் காக்கக் கருங்கல் கொட்டியதும் அரிப்பு வடக்கே நகர்ந்து விழுப்புரம் மாவட்டத்துப் பொம்மையார்பாளையம் வரை குப்பங்களைத் தின்றது. ஓரிடத்தை மட்டும் காப்பது அடுத்த ஊருக்கு இழப்பைத் தள்ளிவிடுவதே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நீர் மாநிலப் பட்டியலில் உள்ளது, இரு அரசுகளும் அதிகாரத்தைப் பகிரா என்பது வழக்கமான மறுப்பு. ஆனால் காரைக்காலுக்காக இதே புதுச்சேரி காவிரி வழக்கில் ஒரு தரப்பு. 2007 தீர்ப்பில் 7 டி.எம்.சி. பெற்றது, 2018இல் அமைந்த காவிரி மேலாண்மை ஆணையத்தில் உறுப்பினராக இருக்கிறது. தொலைவில் உள்ள காரைக்காலுக்கு இயன்றது, தலைநகரின் வாசலில் ஓடும் ஆற்றுக்கு இயலாது என்பதை ஏற்க முடியாது. பிரான்சும் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டை ஆறு நீர்ப்படுகைகளாக வகுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு முகமையை அமைத்தது. கொம்யூன், மாவட்ட எல்லைகள் எதையும் அழிக்கவில்லை. நீர் எடுப்பவரிடமும் மாசுபடுத்துபவரிடமும் வசூலிக்கும் தொகை அந்தப் படுகைக்கே செலவாகிறது. எல்லையை மாற்றாமலேயே பொறுப்பை மாற்றலாம் என்பதற்கு அது அறுபது ஆண்டுப் பழைய முன்மாதிரி.

மூழ்கிக் கிடக்கும் தெருவில் நிற்பவரிடம் செஞ்சிக் குன்றுகளைப் பற்றிப் பேசுவது கொடுமை என்ற மறுப்புக்கு வலு அதிகம். மோட்டாரும் தூர்வாருதலும் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மேட்டு நிலத்தில் நீரை நிறுத்துவது தலைமுறைகள் காத்திருக்க வேண்டிய கனவும் அல்ல. 1968க்குப் பிறகு ஆரோவில்லில், பொட்டலாய்ப் பிளந்து கிடந்த அதே செம்மண் மேட்டில், வரப்பு வரப்பாகக் கரை போட்டு மரம் வளர்த்தபோது, கடலுக்குச் சிவப்பாய் ஓடிய நீர் நிலத்துக்குள் இறங்கியது. எளிய மண்வேலைதான்.

இன்னொரு மறுப்பு உண்மையில் ஓர் எச்சரிக்கை: நீர்நிலைப் பாதுகாப்பு என்ற பெயரில் முதலில் இடிக்கப்படுவது வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருக்கும் ஏழைகளின் வீடுகளே. இது நியாயமான அச்சம். கடைமடையை மட்டும் பார்க்கும் அணுகுமுறையே இந்த அநீதியை வளர்க்கிறது. அங்கே கண்ணில் படுபவர்கள் அவர்கள் மட்டும்தான். நீர்ப்பிடிப்பு முழுவதையும் அளந்தால் வரத்து வாய்க்காலை மேவி எழுந்த மனைப்பிரிவுகளும் ஏரி உள்வாயில் நிற்கும் கட்டடங்களும் அதே கணக்கில் வரும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 1999இல் தொடங்கிய ஏரிப் புனரமைப்புத் திட்டம் கரைகளை உயர்த்தியது, மதகுகளைச் சீராக்கியது, ஏரிச் சங்கங்களை உருவாக்கியது. ஆனால் விவசாயி ஆழ்துளைக் கிணற்றுக்கு மாறிய பிறகு ஏரியைத் தன்னுடையது என்று கருத அவருக்குக் காரணம் குறைந்துவிட்டது. இன்று ஏரியால் பெரிதும் பயனடைவது நகரம். ஆகவே பராமரிப்புச் செலவில் பங்கேற்க வேண்டியதும் நகரமே. நகரக் குடிநீர்க் கட்டணத்தில் ஒரு பகுதியை ஏரிச் சங்கங்களுக்கு ஒதுக்குவதையும், வீடூர், சாத்தனூர் அணைகளின் திறப்பு அளவைப் புதுச்சேரிக்கு முன்கூட்டியே தெரிவிப்பதையும், சுத்துக்கேணி முதல் ஊசுட்டேரி வரை இரு மாநில நில அளவையர்களும் சேர்ந்து வாய்க்கால் புறம்போக்கை அளந்து கல் நடுவதையும் இரு அரசுகளும் ஒரே ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.