உப்பு துளைத்த எஃகு

துப்பாக்கிக் குழல்களின் உட்புறம் விரைவில் தேய்ந்துபோவதைத் தடுக்க வழி தேடிய ஹாரி பிரியர்லி, 1913 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகை உருக்கி வார்த்தார். அது அமிலங்களால் எளிதில் அரிக்கப்படாததைக் கண்டு, அந்நகரின் கத்தி செய்வோரிடம் அதன் பயனை எடுத்துரைத்தார். முந்திய ஆண்டிலேயே ஜெர்மனியின் எசென் நகரிலிருந்த குருப் ஆலை, எடுவார்ட் மவ்ரரும் பென்னோ ஸ்ட்ராஸும் செய்த ஆய்வின் பயனாக, குரோமியத்தோடு நிக்கலும் சேர்ந்த எஃகுக்குக் காப்புரிமை கோரியிருந்தது. தரமான எவர்சில்வர் பாத்திரங்களுக்குரிய, 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட எஃகு இவ்வழியில் வந்ததே.

இவ்வகை எஃகைக் காப்பது, குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் உண்டாக்கும், சில நானோமீட்டர் தடிப்பே உள்ள ஆக்சைடு படலம் ஆகும். கீறல் பட்டாலும் அது தானே மீண்டும் மூடிக்கொள்ளும். ஆனால் உப்புக் கரைசலிலுள்ள குளோரைடு அயனிகள், அதாவது எதிர்மின்னூட்டம் பெற்ற குளோரின் அணுக்கள், இப்படலத்தை நலிந்த இடங்களில், குறிப்பாக எஃகினுள் சிக்கிய மாங்கனீசு சல்பைடு துணுக்குகள் தலைகாட்டும் இடங்களில், உடைத்துவிடுகின்றன. அங்கே கரையும் உலோக அயனிகள் நீரோடு வினைபுரிந்து குழிக்குள் அமிலத்தை உண்டாக்க, அவற்றின் நேர்மின்னூட்டத்தை ஈடுசெய்ய மேலும் குளோரைடு உள்ளே ஈர்க்கப்பட, படலம் மீண்டும் உருவாக வழியே இல்லாது போகிறது. இதைவிடக் கொடியது வெளிப்புறத்தின் பங்கு: படலம் சிதையாத பரந்த பரப்பு முழுவதும் மின்வேதி வினையின் எதிர்மின்வாயாகிச் சிறு குழியில் நடக்கும் கரைதலை ஊக்குவதால், மேலே பளபளப்பு மாறாதிருக்கும்போதே தகடு துளைபட்டுவிடக்கூடும். இதுவே குழி அரிப்பு எனப்படுகிறது.

மாலிப்டினம் சேர்த்தால் குழி அரிப்பு எளிதில் தொடங்காது என்பது தெரிந்ததும், 1920களிலேயே குருப் ஆலை அத்தகைய எஃகை உருவாக்கியது. இன்று கடலோரக் கட்டுமானங்களில் பயன்படும் 316 வகையில் அது 2 முதல் 3 விழுக்காடு உள்ளது. ஆயினும் துருவேறாது என்னும் நம்பிக்கை ஆய்வறிவை முந்திச் சென்றது. சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் 1972இல் திறக்கப்பட்ட நீச்சல் குளத்தின் கான்கிரீட் உட்கூரை, துருவேறா எஃகுக் கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. குளக் காற்றின் குளோரைடு படிந்து, குழி அரிப்பின் நெருங்கிய உறவான தகைவரிப்பு விரிசல், அதாவது இழுவிசையும் அரிப்பும் சேர்ந்து உண்டாக்கும் பிளவு, அக்கம்பிகளை அறுத்ததால் 1985 மே 9 அன்று அது சரிந்து, 12 பேர் உயிரிழந்தனர். இன்று ஐரோப்பியக் கட்டுமான விதிகள், நீச்சல் குள அரங்குகளில் துடைத்துத் தூய்மை செய்ய இயலாத சுமைதாங்கும் உறுப்புகளுக்கு, மாலிப்டினம் மிகுதியாகக் கலந்த சில எஃகு வகைகளையே ஏற்கின்றன.