ஊட்டுப்புரையும் கிழங்குச் சட்டியும்: இரணியலில் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட வரலாறு

இரணியல் பக்கம் ஒரு ஊரில் சத்துணவு விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. நாங்களும் போயிருந்தோம். சுவரில் வண்ணப்படம் தொங்கியது. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு தானியம், கால் பங்கு பருப்பு, முட்டை, மீன். குறைந்த செலவில் சத்தாகச் சமைக்கத் தாய்மார்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பேச வந்தவர் அரை மணி நேரம் சொன்னார். கூட்டத்தில் இருந்த பெண்களில் பாதிப் பேர் அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைப்பவர்கள். கடைசியில் ஒரு பாட்டி எழுந்து கேட்டார்: "மக்களே, இதெல்லாம் எங்களுக்கு அறியாத காரியமா? பைசா யாரு தருவா?"

அந்தக் கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை. ஏழைக்குச் சாப்பிடத் தெரியவில்லை என்பது பழைய பொய். தெரியாததால் அல்ல, கொடுக்காததால்தான் நம் மக்கள் பட்டினி கிடந்தார்கள். இரணியலைச் சுற்றியே அதற்கான சாட்சிகள் இருக்கின்றன.

முதல் சாட்சி பத்மநாபபுரம் அரண்மனை. இரணியலிலிருந்து சில கிலோமீட்டர்தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகரம். அங்கே இரண்டு மாடி ஊட்டுப்புரை ஒன்று இருக்கிறது. ஒரே நேரத்தில் 1,000 பேர் உட்கார்ந்து உண்ணும் நீளம். ஊறுகாய் போட்டு வைத்த பெரிய சீன ஜாடிகளைப் பார்த்துச் சுற்றுலா வந்தவர்கள் வியக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊட்டுப்புரைகளைத் திருவிதாங்கூர் அரசு நாடு முழுக்க நடத்தியது. அரசு செலவில் அங்கே இலவசமாக உண்டவர்கள் முக்கியமாகப் பிராமணர்கள். 6 ஆண்டுக்கு ஒருமுறை திருவனந்தபுரத்தில் முறைஜெபம் நடக்கும். 56 நாள், வேதம் ஓத வந்தவர்களுக்கு விருந்து.

அந்த அரிசியை விளைவித்தவர்கள் யார்? புலையர், பறையர், குறவர் என்று அழைக்கப்பட்ட அடிமைச் சாதியினர். 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் திருவிதாங்கூரின் மக்கள்தொகை ஏறக்குறைய 13 லட்சம். அதில் அடிமைகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். மாட்டோடும் நிலத்தோடும் சேர்த்து விற்கப்பட்டவர்கள். வேலை நடந்த நாளுக்கு அளந்து போடும் நெல்தான் கூலி. வேலை இல்லாத மாதங்களில் காட்டுக்கிழங்கும் வயல் நண்டும் கீரையும்தான் சோறு. இலவச உணவு என்றால் இன்று ரேஷன் கடை வரிசையைக் காட்டிச் சிரிக்கிறவர்கள் உண்டு. இந்த மண்ணில் அரசு செலவில் இலவசச் சோறு உண்டவர்கள் முதலில் யார் என்பதற்கு அந்த ஊட்டுப்புரை இன்னும் நிற்கிறது.

1855 ஜூனில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் சந்தை திறக்கவில்லை. சிக்கனமாகக் குடும்பம் நடத்த முதலில் என்ன வேண்டும்? நாலு கடை ஏறி விலை கேட்க வேண்டும். காயைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டும். நம் முன்னோர்களுக்குப் பொதுச் சாலையும் சந்தையும் மறுக்கப்பட்டிருந்தன. தூரத்தில் நின்று குரல் கொடுத்து, காசைத் தரையில் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். கடைக்காரன் கொண்டுவந்து வைத்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். அளவு குறைந்தால் கேட்க முடியாது, அழுகியிருந்தால் மாற்ற முடியாது. தீண்டாமை என்பது கோயில் வாசலில் மட்டும் இருந்ததல்ல. அது அன்றாடம் நம் அடுப்பில் விழுந்த வரி. 1912இல் அய்யன்காளி தன் மக்களோடு நெடுமங்காடு சந்தைக்குள் நுழைந்து அடிதடியை எதிர்கொண்டதை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். அது கௌரவப் போராட்டம் மட்டுமல்ல, நியாய விலைக்கான போராட்டமும்கூட. இன்று திங்கள்சந்தையில் நம் பெண்கள் மீன்காரியோடு சண்டை போட்டு விலை குறைக்கிறார்கள் என்றால், அந்த உரிமைக்கும் ஒரு வரலாறு உண்டு.

அடுத்தது நிலம். 1865இல் பண்டாரப்பாட்டப் பிரகடனம் வந்தது. அரசு நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருந்தவர்களுக்கு அது சொந்தமானது. நம் மக்கள் குத்தகைதாரர்கள்கூட அல்ல, வெறும் கூலிகள். சொந்தமாக ஒன்றும் வரவில்லை. கிழக்கே நாஞ்சில் நாட்டு வயல்களும், கல்குளம் தாலுகாவின் ஏலாக்களும் பிறர் கையில். நமக்குக் கிடைத்தது குடிசையைச் சுற்றிய மேட்டு மண், அதுவும் பிறர் தயவில்.

அந்த மேட்டு மண்ணில் வந்ததுதான் மரச்சீனி. தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்த செடி. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதைப் பரப்பினார் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. மக்கள் விஷமென்று பயந்ததால் அரண்மனையிலேயே அவித்துப் பரிமாறச் சொன்னாராம். மன்னர் ஊக்குவித்தார் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பயிரைப் பரப்புவது வேறு, அதை அன்றாடச் சோறாக்குவது வேறு. இரண்டாவதைச் செய்தவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் பெயரில்லை.

மரச்சீனி ஏழைக்கு ஏன் ஒத்துவந்தது? விதை வாங்க வேண்டாம், பக்கத்து வீட்டுக் கம்பை ஒடித்து நட்டால் போதும். தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். விளைந்த பிறகும் மண்ணிலேயே விட்டுவைத்து, தேவைப்பட்ட அன்று ஒரு மூடு பிடுங்கலாம். பத்தாயம் இல்லாதவனுக்கு மண்ணே பத்தாயம்.

ஆனால் அந்தப் பயத்தில் உண்மை இருந்தது. மரச்சீனியில் லினமாரின் என்ற பொருள் உண்டு. அது சிதைந்தால் சயனைடு வரும். கசப்பு வகைகளில் அதிகம். தோலை உரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இரண்டாவது சிக்கல், 100 கிராம் கிழங்கில் சுமார் 160 கலோரி உண்டு, புரதமோ ஒன்றரை கிராம்கூட இல்லை. வயிறு நிறையும், உடம்பு தேறாது. அதனால்தான் கிழங்குக்குப் பக்கத்தில் சாளை வந்தது. குளச்சல், முட்டம், கடியபட்டணம் கரைகளிலிருந்து மீனவப் பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்த, விலை குறைந்த மீன். 100 கிராம் சாளையில் 20 கிராம் அளவுக்குப் புரதம். மிஞ்சியிருக்கும் கொஞ்சம் சயனைடை உடல் முறிப்பதற்குக் கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள் வேண்டும். அவை மீனில் உண்டு. அப்படி முறியும்போது உண்டாகும் தயோசயனேட், தைராய்டுக்குப் போகும் அயோடினைத் தடுக்கும். கடல்மீனில் அயோடினும் உண்டு.

இந்த வேதியியலை எந்தக் கூட்டத்திலும் யாரும் நம் பாட்டிகளுக்குச் சொல்லித் தரவில்லை. கொட்டிய தண்ணீரிலும், கழுத்தில் வந்த கழலையிலும், பிள்ளைகளின் வயிற்றுவலியிலும் அவர்களே கற்றுக்கொண்டார்கள். கிழங்கும் மீனும், கஞ்சியும் சிறுபயறும், முருங்கையிலைத் துவரனும் காந்தாரி மிளகாயும். இன்று ஓட்டல்களில் 'நாடன் சாப்பாடு' என்று பெயர் வைத்து விற்கப்படுவது, கையில் காசில்லாதவர்கள் கண்டறிந்த உணவுத் திட்டம்.

அந்தத் திட்டம் போராட்டத்துக்கும் உதவியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்கமாட்டோம் என்று அய்யன்காளி அறிவித்தார். வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. பசி வந்தால் தானாக இறங்கி வருவார்கள் என்று நிலக்கிழார்கள் காத்திருந்தார்கள். அப்போது அய்யன்காளி விழிஞ்ஞம் மீனவர்களிடம் போனார். போராடும் குடும்பங்களிலிருந்து ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டு பங்கு கொடுக்க அவர்கள் ஒப்புக்கொண்டதாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. நெல் மறுக்கப்பட்டபோது கடல் சோறு போட்டது. கடைசியில் இறங்கி வந்தவர்கள் நிலக்கிழார்கள். ஒரு குடும்பம் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பதை அடுப்படி தீர்மானிக்கிறது. அதனால்தான் அடுப்படிக் கணக்கை நாங்கள் அரசியல் என்கிறோம்.

ஆனாலும் அந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி நின்றது. தன் தேவைக்குப் பெருமளவு வெளி அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் கிழங்கின் மேல் சாய்ந்தது. கிழங்கு பலரைக் காப்பாற்றியது, எல்லோரையும் அல்ல. 1943-44இல் திருவிதாங்கூரில் பரவிய பஞ்சத்தையும் சத்துக்குறை நோய்களையும் கே.ஜி.சிவசாமியும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்து தனி அறிக்கையே வெளியிட்டார்கள். மீனோ பயறோ இல்லாமல் வெறும் கிழங்கு என்ற நிலை வந்தபோது, எந்தத் தாயின் சாமர்த்தியமும் போதவில்லை.

அதே காலத்தில் குன்னூரில் உணவூட்ட ஆராய்ச்சி நிலையத்தை நடத்தியவர் டாக்டர் அய்க்ராய்டு. இந்திய உணவுகளின் சத்து மதிப்பையும், சமச்சீரான உணவைத் திட்டமிடும் முறையையும் 1937இல் ஒரு சிறு நூலாகக் கொண்டுவந்தார். ஏழை உண்பதையும் மனித உடலுக்கு வேண்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் அவர். இடையில் நிற்பது அறியாமை மட்டுமல்ல, வருமானமும்தான் என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்தது.

அந்தக் கணக்கு சட்டத்தின் பக்கம் வந்த கதையை நம் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1946 ஏப்ரலில், தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த பாபாசாகேப் அம்பேத்கர் குறைந்தபட்சக் கூலி மசோதாவை நடுவண் சட்டமன்றத்தில் வைத்தார். 1948இல் சட்டமானது. விவசாயக் கூலிகளும் அதன் அட்டவணையில் இடம்பெற்றார்கள். 1957இல் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, கூலியைக் கணக்கிடும் முறையை வகுத்தது. அய்க்ராய்டு சொன்ன 2,700 கலோரி அடிப்படை. ஓர் உழைப்பாளியின் குடும்பம் 3 அலகு. அதற்கான உணவு, ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, விறகு, விளக்கு. இதையெல்லாம் கூட்டினால் வருவதுதான் குறைந்தபட்சக் கூலி. 1991இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளின் கல்வி, மருத்துவம் போன்றவற்றுக்காக இன்னொரு 25 சதவீதத்தைச் சேர்க்கச் சொன்னது.

இதில் கேள்வியே தலைகீழாகிறது. இந்தக் கூலிக்குள் எப்படிச் சாப்பிடுவது என்பதல்ல கேள்வி. ஒரு குடும்பம் சத்தாகச் சாப்பிட என்ன கூலி வேண்டும் என்பதே கேள்வி. முதலில் சாப்பாட்டுத் தட்டு, அதற்குப் பிறகு சம்பளம். பாட்டி கேட்ட 'பைசா யாரு தருவா' என்பதற்கு ஏட்டில் பதில் எழுதி 60 ஆண்டுக்கு மேல் ஆகிறது.

இன்றைய கணக்கையும் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். இது பெரிய பாதுகாப்பு, இதைக் குறை சொல்பவர்களோடு நாங்கள் இல்லை. துவரம்பருப்பு மாதம் 1 கிலோ, 30 ரூபாய். அந்த 1 கிலோவில் சுமார் 220 கிராம் புரதம். 4 பேர், 30 நாள் என்று பிரித்தால் ஒருவருக்கு நாளுக்கு 2 கிராம்கூட வராது. வளர்ந்த ஒருவருக்கு வேண்டியது 45 முதல் 55 கிராம். அரிசியிலிருந்து ஒரு பங்கு வரும். மீதி சந்தையிலிருந்துதான் வர வேண்டும். அங்கே சாளையும் ஒரு கட்டத்தில் நம் கையை விட்டுப் போனது. கேரளக் கரையில் 2012இல் 4 லட்சம் டன்னை நெருங்கிய சாளை, 2021இல் 3,297 டன்னாக விழுந்தது என்கிறது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். அகப்படுவதிலும் ஒரு பகுதி மீன்தூளாகித் தீவனத்துக்குப் போகிறது. மலையோரத்தில் கிழங்கு நின்ற இடங்களில் ரப்பர் நிற்கிறது.

அதனால் நம் குடும்பங்களுக்கு நாங்கள் சொல்வது: பாட்டியின் சட்டியை விட்டுவிடாதீர்கள். பாக்கெட் தின்பண்டத்துக்குப் போகும் 10 ரூபாயைச் சிறுபயறுக்குத் திருப்புங்கள். கிழங்கை வெறும் மிளகாயோடு தராமல் மீனோடோ பயறோடோ தாருங்கள். முற்றத்தில் ஒரு முருங்கைக் கம்பு நடுங்கள். பள்ளியில் போடும் முட்டையைப் பிள்ளை சாப்பிட்டதா என்று கேளுங்கள்.

அரசிடம் கேட்பது: ரேஷனில் பருப்பின் அளவைக் கூட்டு, பயறும் சேர். அண்டி ஆபீஸிலும் வயலிலும் தோட்டத்திலும் 1957 கணக்குப்படி கூலி கொடுக்கச் செய். வீட்டைச் சுற்றி நாலு மூடு கிழங்கு நட நிலம் கொடு.

பத்மநாபபுரம் போகிறவர்கள் அந்தச் சீன ஜாடிகளைப் பார்த்துவிட்டு வரட்டும். வரும் வழியில் திங்கள்சந்தையில் இறங்கி, வேலை முடிந்து வரும் நம் பெண்கள் சுருக்குப்பையை அவிழ்த்து எண்ணுவதையும் பார்க்கட்டும். 1,000 பேர் உண்ட ஊட்டுப்புரைக்குக் காவல் உண்டு, பராமரிப்பு உண்டு. அதற்கு அரிசி விளைவித்துவிட்டுக் கிழங்கு தின்றவர்களின் வரலாற்றை நாம்தான் பாதுகாக்க வேண்டும்.