பங்கோர் தீவுப் பயணம்: ஆளுக்கு ஒரு சிறிய பை போதும்

கோப்பெங் – பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கிந்தா பள்ளத்தாக்குக் குடும்பங்களுக்குக் கடல் என்றாலே பங்கோர் தீவுதான் முதலில் நினைவுக்கு வரும். கோப்பெங்கிலிருந்து பத்து காஜா, ஸ்ரீ இஸ்கண்டார், சித்தியவான் வழியாகக் காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் லூமுட் போய்ச் சேரலாம். அங்கிருந்து ஃபெரி ஏறினால் தீவு.

பயணம் எளிது. சுமைதான் பெரும்பாலும் எளிதாக இருப்பதில்லை. இரண்டு இரவு தங்குவதற்கு நான்கு பேர் ஏழு பைகளுடன் படகுத்துறையில் நிற்பது வழக்கமான காட்சி. கார் தீவுக்கு வராது. அதை லூமுட்டில் நிறுத்திவிட வேண்டும். பையோ காரிலிருந்து படகுத்துறைக்கு, அங்கிருந்து ஃபெரிக்கு, பிறகு தீவின் படகுத்துறைக்கு, இளஞ்சிவப்பு வேன் டாக்சிக்கு, கடைசியில் தங்கும் அறைக்கு என்று ஐந்து முறை கை மாறும். திரும்பும்போது மீண்டும் ஐந்து முறை.

இத்தனை பைகளைச் சுமந்து போன பிறகும் கடலில் இறங்க ஏற்ற உடை இல்லாமல் கரையிலேயே உட்கார்ந்துவிடுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்கள் அம்மாக்களும் பாட்டிமார்களும்தான். குறைந்த உடை, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வேலைக்கு உதவும் உடை, எல்லாருக்கும் கடலுக்கென ஓர் உடை. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துப் பை கட்டினால் சுமையும் குறையும், யாரும் கரையில் காத்திருக்கவும் வேண்டாம்.

வானிலையைப் பார்த்துத் துணியைத் தேர்ந்தெடுங்கள்

ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான் போன்ற கிழக்குக் கரைத் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும். பல தங்குவிடுதிகள் மூடப்பட்டிருக்கும். பங்கோர் மேற்குக் கரையில், மலாக்கா நீரிணையில் இருப்பதால் ஆண்டு முழுவதும் போகலாம்.

ஆனாலும் மழை உண்டு. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை நேரத்து இடிமழை சகஜம். ஆண்டின் நடுப்பகுதியில் ‘சுமத்ரா’ என்று அழைக்கப்படும் காற்றுமழை விடியற்காலையில் திடீரென வந்து போகும். இரவில் வராந்தாவில் காயப்போட்ட துணி காலையில் நனைந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். துணியை அறைக்குள் மின்விசிறியின் கீழ் காயப்போடுவதே பாதுகாப்பு.

வெயில் கடுமையாக இருந்தாலும் காற்றில் ஈரப்பதம் அதிகம். அதனால் தடித்த துணி ஒரு நாளில்கூட முழுதாகக் காயாது. துணிகளின் குணம் சுருக்கமாக இதுதான்:

• பருத்தி: உடலுக்குக் குளிர்ச்சி, வியர்வையை உறிஞ்சும். ஆனால் தண்ணீரையும் நிறைய உறிஞ்சிக் கனத்துவிடும். மெல்லிய பருத்தி நடைக்கும் மாலைக்கும் ஏற்றது.
• பாலியெஸ்டர், நைலான்: தண்ணீரை அதிகம் உறிஞ்சாது, விரைவில் காயும். கடலுக்கு இதுவே சிறந்தது. பூப்பந்து, காற்பந்து ஜெர்சிகள் பெரும்பாலும் இந்த வகைதான்.
• ரேயான்: பாத்தேக் சட்டைகளிலும் கஃப்தான்களிலும் அதிகம் காணப்படுவது. உடுத்த இதமானது. நனைந்தால் கனக்கும், வலுவும் குறையும். கரையில் உடுத்தலாம், கடலில் வேண்டாம்.
• ஜீன்ஸ்: பையில் அதிகக் கனம், காய அதிக நேரம். இந்தப் பயணத்திற்குத் தேவையே இல்லை.

சந்தேகம் வந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரவு எட்டு மணிக்குத் துணியை நனைத்துப் பிழிந்து, மின்விசிறியின் கீழ் தொங்கவிடுங்கள். காலையில் காய்ந்திருந்தால் அது பைக்குள் போகலாம். ஈரமாக இருந்தால் அலமாரிக்கே திரும்பட்டும்.

இரண்டு இரவு, மூன்று நாள்: பெரியவர் ஒருவருக்கான பட்டியல்

உடுத்திச் செல்வதையும் சேர்த்தே இந்தக் கணக்கு:

• மேல்சட்டை 3
• கீழாடை 2 (ஒன்று நீளமானது, ஒன்று முழங்காலை மறைக்கும் அளவு)
• கடல் உடை 1 தொகுப்பு
• கைலி அல்லது பாத்தேக் சாரோங் 1
• உள்ளாடை 4
• மெல்லிய துண்டு 1
• அகன்ற விளிம்புத் தொப்பி 1
• பின்பட்டை வைத்த செருப்பு 1 ஜோடி
• மடித்தால் கைக்குள் அடங்கும் மழைச்சட்டை 1

மூன்று மேல்சட்டைகளும் இரண்டு கீழாடைகளோடும் பொருந்தினால் ஆறு விதமாக உடுத்தலாம். அதற்கு நிறம் முக்கியம். கீழாடை இரண்டும் கருநீலம், கறுப்பு, பழுப்பு போன்ற ஒற்றை நிறமாக இருக்கட்டும். பூப்போட்டதும் வண்ணமயமானதும் மேலே இருக்கட்டும். படத்தில் தெரிவது மேல்சட்டைதான். ஒரே கால்சட்டையை இரண்டு நாள் போட்டதை யாரும் கவனிக்கப் போவதில்லை.

தோசைக்கல் அளவுக்குக் கனக்கும் டர்க்கி டவலுக்குப் பதிலாக மெல்லிய பருத்தித் துண்டு போதும். விடுதிகள் பலவற்றில் டவல் தருகிறார்கள்; முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. தனி இரவு உடையும் வேண்டாம். கைலியும் ஒரு மேல்சட்டையும் இரவுக்குப் போதும்.

கைலி: பையில் இருக்க வேண்டிய முதல் துணி

தோட்டத்து வீடுகளில் கைலி இல்லாத வீடு இருந்ததில்லை. பால்மரம் வெட்டி வந்து குளித்ததும் ஆண்கள் உடுத்துவது அது. பழைய கைலி குழந்தைக்கு ஏணையாகும். கடைசியில் கரித்துணியாகிச் சமையலறைக்குப் போகும். கடற்கரையிலும் அதற்கு வேலை குறைவில்லை.

• மணலில் விரித்து உட்காரலாம்.
• உடை மாற்றும் இடம் இல்லாத கரையில் அதுவே மறைப்பு.
• ஈர உடையின் மேல் சுற்றிக்கொண்டு வேனில் ஏறலாம்.
• வெயிலில் தோளிலும் தலையிலும் போர்த்தலாம்.
• குளிரூட்டிய அறையில் குழந்தைக்குப் போர்வை.
• அவசரத்திற்குத் துண்டு.

இந்தத் துணிக்கும் தீவுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. கட்டம் போட்ட கைலியை மலாய்க்காரர்கள் ‘காயின் பெலிகாட்’ என்கிறார்கள். அந்தப் பெயர் சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டிலிருந்து வந்தது; ஐரோப்பியர்கள் அந்த ஊரைப் ‘புலிகாட்’ என்று அழைத்தனர். சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்ட துணிகள் அங்கிருந்து கப்பலேறி மலாய்த் தீவுகளுக்கு வந்தன. டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் 1613-இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பியது. அதே நிறுவனம்தான் பேராக் ஈயத்தைச் சேமித்துக் காக்க 1670-இல் பங்கோரின் தெலுக் கெடோங்கில் ஒரு கோட்டை கட்டியது. ‘கோத்தா பெலாண்டா’ என்ற பெயரில் அதன் செங்கல் சுவர்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. ஈயத்தால் வளர்ந்த கோப்பெங்கிலிருந்து கைலியோடு போகிறவர்கள் அந்தக் கோட்டையை ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம்.

கடலில் இறங்க எந்த உடை?

இந்தப் பகுதியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். புடவை, ஜீன்ஸ், தடித்த பருத்திச் சுடிதார் ஆகியவற்றோடு கடலில் இறங்குவது ஆபத்து. நனைந்த துணி கனத்து, காலில் சுற்றிக்கொள்ளும். அலை இழுக்கும்போது எழுந்து நிற்பதே சிரமமாகிவிடும். துப்பட்டாவைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும்.

நீச்சல் உடை உடுத்தக் கூச்சப்படும் பெண்களுக்கு எளிய மாற்று உண்டு. முழுக்கை விளையாட்டு ஜெர்சியும் கறுப்பு லெக்கிங்ஸும் போதும். மேல்சட்டை இடுப்புக்குக் கீழ் வரை நீளமாக இருந்தால் உட்காரவும் எழவும் கூச்சம் இராது. முஸ்லிம் பெண்களுக்கென விற்கப்படும் முழுநீள நீச்சல் உடையை யாரும் வாங்கி உடுத்தலாம். பேரங்காடிகளிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கும். பண்டல் கடைகளில் தேடினால் நல்ல விளையாட்டு ஜெர்சிகள் குறைந்த விலைக்கு அகப்படும்.

முழுக்கை உடையால் இன்னொரு பயனும் உண்டு. காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை வெயில் கடுமையாக இருக்கும். மூடியிருக்கும் தோலுக்கு வெயில் காப்புக் களிம்பு தேவைப்படாது. முகம், கழுத்து, கை, பாதங்களுக்கு மட்டும் தடவினால் போதும்.

குழந்தைகளுக்கு நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். வெள்ளை, வெளிர்நீலம், சாம்பல் நிற உடைகள் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பளிச்சென்ற ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, மஞ்சள் நிறங்கள் தூரத்திலிருந்தே தெரியும். தெலுக் நிப்பா, பாசீர் போகாக் கரைகளில் விடுமுறை நாள் கூட்டத்தில் பிள்ளையைத் தேடும்போது அந்த நிறம்தான் உதவும். எந்த உடையும் உயிர்காப்பு மேலங்கிக்கு ஈடாகாது. படகில் ஏறும்போதும் பவளப்பாறை பார்க்கப் போகும்போதும் அதைக் கட்டாயம் அணிய வேண்டும்.

இந்தக் கடல் உடையை ஒரு பயணத்திற்கான செலவாக நினைக்க வேண்டாம். கோப்பெங்கில் காம்பார் ஆற்று ரப்பர் படகுச் சவாரிக்கும், அருவிக் குளியலுக்கும், பள்ளி விளையாட்டு நாளுக்கும் அதே உடை பயன்படும்.

கோவிலுக்கும் ஓர் உடை

பங்கோரில் உள்ள ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயத்தில் மாசி மகத் திருவிழா விமரிசையாக நடைபெறும். பிப்ரவரி அல்லது மார்ச் மாதத்தில் வரும் அந்த நாளில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பக்தர்கள் தீவுக்கு வருகிறார்கள். மற்ற நாள்களிலும் தீவுக்குப் போகும் நம்மவர்கள் ஆலயத்திற்குப் போகாமல் திரும்புவது அபூர்வம்.

அதற்கெனப் பட்டுப்புடவையைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. பெண்கள் மெல்லிய சுடிதார் ஒன்றைப் பயண உடையாகவே உடுத்திச் செல்லலாம். முதல் நாளோ கடைசி நாளோ அதிலேயே தரிசனத்தை முடித்துக்கொள்ளலாம். ஆண்களுக்கு நீளமான கால்சட்டையும் காலர் வைத்த சட்டையும் போதும். வேட்டி உடுத்த விரும்புவோர் மெல்லிய நான்கு முழ வேட்டியை எடுத்துக்கொள்ளலாம். கைலியைக் கோவிலுக்குத் தவிர்த்துவிடுங்கள்.

தங்க நகைகள் வீட்டில் இருக்கட்டும். தண்ணீரில் விரல் சுருங்கும்போது மோதிரம் நழுவும். மணலில் விழுந்தால் கிடைக்காது. தாலியைக் கழற்ற விரும்பாதவர்கள் கழுத்து உயர்ந்த மேல்சட்டை உடுத்தினால் சங்கிலி உள்ளே அடங்கியிருக்கும்.

பிள்ளைகளுக்கும் மூத்தவர்களுக்கும்

பிள்ளைகளுக்கு நாள் ஒன்றுக்கு இரண்டு உடை வீதம் வைத்து, ஒவ்வொரு நாள் உடையையும் தனித்தனி நெகிழிப் பையில் போட்டு எழுதி வைத்தால் அறையில் தேட வேண்டாம். ஃபெரியில் வாந்தி எடுக்கக்கூடும் என்பதால் ஒரு மாற்றுடை கைப்பையில் இருக்கட்டும்.

மூத்தவர்களுக்கு வழுக்காத செருப்பு மிக அவசியம். படகுத்துறைப் படிகள் ஈரமாக இருக்கும். குளிரூட்டிய பேருந்துக்கும் ஃபெரிக்கும் மெல்லிய கம்பளிச் சட்டை ஒன்று வேண்டும். அன்றாட மருந்துகளைப் பெரிய பையில் போடாமல் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

அங்கே துவைப்பது, திரும்பக் கொண்டுவருவது

உப்பு நீரில் நனைந்த உடையை அன்றன்றே நல்ல தண்ணீரில் அலசுங்கள். குளிக்கும் சோப்பே போதும். பிழிந்த துணியைக் காய்ந்த துண்டில் சுருட்டி முறுக்கினால் மிச்ச ஈரத்தைத் துண்டு உறிஞ்சிக்கொள்ளும். துணி பாதி நேரத்தில் காய்ந்துவிடும். கயிறு ஒன்றும் நான்கைந்து கவ்விகளும் பையில் இருந்தால் எந்த அறையிலும் கொடி கட்டலாம்.

2020 ஜனவரி 1 முதல் பங்கோர் தீர்வையற்ற தீவு. சாக்லேட் வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. நெத்திலியும் மீன் சாத்தேயும் அதோடு சேரும். அதற்காகவே பையில் கால் பங்கு இடத்தைக் காலியாக வையுங்கள். கருவாட்டை இரண்டு உறையில் இறுக்கிக் கட்டித் தனிப்பையில் வைக்காவிட்டால் வீடு வரை உடைகளெல்லாம் மணக்கும்.

லங்காவி போன்ற தீவுகளுக்கு விமானத்தில் செல்வோருக்கும் இதே பட்டியல் பொருந்தும். மலிவுக் கட்டண விமானங்கள் பலவற்றில் கையோடு கொண்டுபோக 7 கிலோ வரைதான் அனுமதி. மேலே சொன்ன பட்டியல் அதற்குள் அடங்கும். கனமான காலணியை அணிந்து செல்லுங்கள்.

புறப்படும் முந்தின இரவு

• எல்லா உடைகளையும் கட்டிலில் பரப்பி, ஒரே வேலைக்கு இரண்டு துணி இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள்.
• உடைகளைச் சுருட்டி அடுக்குங்கள். கசங்குவது குறையும், இடமும் மிச்சமாகும்.
• ஈரத்துணிக்கு இரண்டு பெரிய நெகிழிப் பைகளை எடுத்துக்கொள்ளுங்கள்.
• பையைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலிலிருந்து சாலை வரை ஒரு முறை நடந்து பாருங்கள். மூச்சு வாங்கினால் இன்னும் குறைக்க வேண்டும்.
• அம்மாவின் கடல் உடை பைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். “எனக்கு வேண்டாம், நான் பையைப் பார்த்துக்கொள்கிறேன்” என்று அவர் சொன்னாலும் எடுத்து வையுங்கள். பை சிறியதாக இருந்தால் அதற்குக் காவலிருக்க யாரும் தேவையில்லை.