சுளுக்கு, முதுகுவலி, தோள்பட்டை இறுக்கம்: வலி குறைந்தால் மட்டும் போதாது

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர், பட்டர்வொர்த்தில் மூட்டை தூக்குபவர், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் முழுவதும் நின்று வேலை பார்ப்பவர், ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடும் இளைஞர் என யாரையும் விட்டுவைக்காதவை சுளுக்கும் தசைவலியும். பெரும்பாலோர் இவற்றுக்குச் செய்யும் வைத்தியமும் ஒன்றுதான்: இரண்டு நாள் எம்.சி., வலி மாத்திரை, தைலம். வலி குறைந்ததும் பழைய வேலைக்கே திரும்புகிறார்கள். சில வாரங்களில் அதே இடத்தில் மீண்டும் அடிபடுகிறது.

காரணம் எளிது. அடிபட்ட இடத்தில் வலி குறையச் சில நாட்கள் போதும். அந்த இடம் பழைய பலத்தைப் பெற வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியில் உடலைப் பழையபடி தயார்செய்வதே பிசியோதெரப்பி எனப்படும் இயன்முறை சிகிச்சையின் வேலை.

உள்ளே நடப்பது என்ன?

எலும்பையும் எலும்பையும் இணைப்பது தசைநார். தசையை எலும்போடு இணைப்பது தசைநாண். மூட்டு அளவுக்கு மீறித் திரும்பும்போது தசைநார் இழுபடுவதைத்தான் சுளுக்கு என்கிறோம். முதல் சில நாட்களில் அங்கு வீக்கம் வரும். அடுத்த சில வாரங்களில் புதிய இழைகள் வளரும். அவை முதலில் தாறுமாறாகத்தான் அமையும். அளவான அசைவும் சுமையும் கிடைத்தால் இழுவை வரும் திசைக்கேற்ப ஒழுங்குபட்டு உறுதியாகும். அசைக்காமலே வைத்திருந்தால் மூட்டு இறுகும், தசை மெலியும்.

முதல் மூன்று நாட்கள்

ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் 1978இல் ஒரு சூத்திரமாகத் தந்தார். முழு ஓய்வும் அதிக ஐஸும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014இல் அவரே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். இன்று சிகிச்சையாளர்கள் சொல்வது இதுதான்:

• ஓரிரு நாட்கள் மட்டும் சுமையைக் குறைக்கவும். முற்றிலும் அசையாமல் இருக்க வேண்டாம்.
• வலி அதிகமாக இருந்தால் ஐஸைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம்.
• எலாஸ்டிக் துணியால் கட்டி, காலை இதயத்தைவிட உயரமாக வைக்கவும்.
• அழுத்தி உருவிவிடுவது, சூடு ஒத்தடம், மது ஆகிய மூன்றும் இந்த நாட்களில் கூடாது. உள்ளே கசிவு இருந்தால் அது அதிகமாகும்.

கணுக்கால் பிசகியிருந்தால் எலும்பு முறிவா என்பதையும் பார்க்க வேண்டும். கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1992இல் வகுத்த விதியை உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். அடிபட்டவுடனும் பிறகு மருத்துவரிடம் வந்தபோதும் நான்கு அடி நடக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அல்லது நுனியை அழுத்தும்போது வலித்தாலோ எக்ஸ்ரே தேவை. எக்ஸ்ரே எடுக்கும்வரை யாரும் அதை உருவவோ இழுக்கவோ கூடாது.

கணுக்கால் சுளுக்கு

வீக்கம் தணியத் தொடங்கியதும் உட்கார்ந்தபடி பாதத்தை மேலும் கீழும் அசைக்கலாம். அடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இரு குதிகால்களையும் தூக்கி இறக்க வேண்டும். பிறகு அடிபட்ட காலில் மட்டும் 30 வினாடி நிற்கப் பழக வேண்டும். சமநிலைப் பயிற்சியைப் பலர் விட்டுவிடுவதே மறுபடி பிசகுவதற்கு ஒரு முக்கியக் காரணம். அடிபட்ட காலில் நிற்பதும் குதிப்பதும் நல்ல காலைப்போல எளிதாக வந்தபிறகே மைதானத்துக்குத் திரும்பலாம்.

முதுகுவலி

படுத்தே கிடந்தால் முதுகு சரியாகும் என்பது பழைய நம்பிக்கை. 1986இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டு நாள் ஓய்வு சொல்லப்பட்டவர்கள் ஏழு நாள் ஓய்வு சொல்லப்பட்டவர்களைவிட 45 விழுக்காடு குறைவான வேலை நாட்களையே இழந்தார்கள். நீண்ட ஓய்வால் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. சாதாரண முதுகுவலிக்கு நடையே முதல் மருந்து. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்கி இறக்கும் பயிற்சியை அதோடு சேர்க்கலாம்.

கால் பலமிழத்தல், தொடை இடுக்கில் மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல் ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகுவலியையும், கீழே விழுந்தபின் வரும் கடும் வலியையும் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும்.

தோள்பட்டை இறுக்கம்

கையைத் தூக்கிச் சட்டை போட முடியவில்லை, பின்னால் கொண்டுபோய்ச் சேலை சொருக முடியவில்லை என்றால் தோள்பட்டை இறுகத் தொடங்கியிருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களிடம் இது மிகவும் அதிகம். மலேசியாவின் மூன்று பெரிய இனங்களில் நீரிழிவு விகிதம் இந்தியர்களிடமே அதிகம் என்று தேசிய சுகாதார ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே இது நம் வீடுகளில் கவனிக்க வேண்டிய நோய்.

தானாகக் குணமாக ஒன்று முதல் மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். மேசையைப் பிடித்துக் குனிந்து, கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல்போல ஆட்டுவதும், விரல்களால் சுவரில் மெல்ல ஏறுவதும் எளிய பயிற்சிகள். வலிக்கும் தோளைப் பிறர் பிடித்து வலுவாக இழுக்கக் கூடாது. மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாட்கள் சர்க்கரை ஏறலாம் என்பதால், நீரிழிவு இருப்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

முழங்கால்

மூட்டுத் தேய்மானம் என்றதும் நடப்பதையே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அது தவறு. தொடைத் தசை பலமாக இருந்தால் மூட்டின் மேல் விழும் சுமை குறையும். நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது நல்ல தொடக்கம். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் 513 படிகளை ஏறுபவர்கள் இரண்டு மாதம் முன்பே படியேறிப் பழகுவது நல்லது. முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதே கடினம். வலி உள்ளவர்கள் கைப்பிடியைப் பிடித்து நிதானமாக இறங்க வேண்டும்.

எங்கே போவது?

அருகிலுள்ள அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் தொடங்கலாம். மலேசியக் குடிமக்களுக்கு அங்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். அங்குள்ள மருத்துவர் கடிதம் தந்தால், ஜாலான் ரெசிடென்சியிலுள்ள பினாங்கு பொது மருத்துவமனையிலோ, பெருநிலத்தில் செபராங் ஜெயா, புக்கிட் மெர்தாஜாம் மருத்துவமனைகளிலோ பிசியோதெரப்பி பெறலாம். கடிதம் வேண்டும் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

தனியார் நிலையத்துக்குப் போனால் சிகிச்சையாளர் பதிவு பெற்றவரா என்று கேட்கவும். 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் 774இன்கீழ் பிசியோதெரப்பிஸ்டுகள் பதிவு பெற்றிருக்க வேண்டும். வலிக்கும் இடத்தில் மின்கருவியை வைத்துவிட்டு, வீட்டில் செய்யப் பயிற்சி எதையும் சொல்லித் தராமல் அனுப்பினால் அது அரைகுறை சிகிச்சையே.

வேலையில் அடிபட்டால்

சொக்சோ சந்தா செலுத்துபவர் வேலையிடத்திலோ, வேலைக்குப் போய்வரும் வழியிலோ அடிபட்டால் உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லி, கிளினிக்கிலும் விபத்து நடந்த விதத்தைப் பதிய வைக்க வேண்டும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாட்கள் எம்.சி. கிடைத்தால், சொக்சோ கணக்கிடும் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக இயலாமைத் தொகையாகக் கிடைக்கும்.

அடிபட்டவர் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டத்தைச் சொக்சோ 2007 முதல் நடத்துகிறது. மலாக்காவில் துன் ரசாக் மறுவாழ்வு மையமும் அதற்கு உண்டு. "சின்ன சுளுக்குத்தானே" என்று எழுத்தில் எதுவும் பதியாமல் விட்டுவிட்டால், பின்னாளில் அது பெரிதாகும்போது உரிமை கோருவது கடினம்.

வீட்டுப் பயிற்சிக்கு ஓர் அளவுகோல்

பத்துக்கு மூன்று, நான்கு அளவில் வலி வந்து, மறுநாள் காலைக்குள் தணிந்தால் பயிற்சியைத் தொடரலாம். மறுநாளும் வலியோ வீக்கமோ கூடியிருந்தால், எண்ணிக்கையைப் பாதியாக்கித் தொடர வேண்டும். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் முன்னேற்றம் இல்லையென்றால் மீண்டும் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.