வீட்டுப் பெயரும் சூடிக் கொடுத்த மாலையும்: ராஜபாளையத்துத் தெலுங்கு மரபு பற்றிய ஒரு மறுவாசிப்பு

தெலுங்கு நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த ராஜபாளையத்து ராஜுக்களின் பெயருக்கு முன்னால் நிற்கும் முதல் எழுத்து தகப்பனாருடையதன்று, வீட்டுப் பெயருடையது. 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் ஆட்சித் தலைமையில் இருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜாவின் பெயரில் 'பூ' பூசபாடி என்னும் வீட்டைக் குறிக்கும். 'ச' தந்தை சஞ்சீவியைக் குறிக்கும். வட ஆந்திரத்து விஜயநகரம் சமஸ்தானத்தை ஆண்டவர்களும் பூசபாடி வீட்டாரே. தமிழ் வழக்கப்படி எழுதிய பெயருக்குள் தெலுங்கு மரபு ஒன்று ஓரெழுத்தாகச் சுருங்கி உட்கார்ந்திருக்கிறது. வெளியூர்க்காரர் அதைத் தகப்பனார் பெயர் என்றே எடுத்துக்கொள்வார்; உள்ளூர்க்காரருக்கு அந்த ஓரெழுத்தே குலமும் கிளையும் சொல்லிவிடும்.

குடிபெயர்ந்தோர் மரபைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு வழியில் போயிருக்கின்றன. மூல நாட்டின் நினைவைக் கெடாமல் காப்பதே மரபு என்பது ஒன்று. பின்னாளில் புனைந்து பழமை என்று பெயரிட்டதே மரபு என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு ஸ்காட்லாந்துதான் கைவசமுள்ள சான்று. 1746இல் மலைநாட்டு உடை சட்டத்தால் தடை செய்யப்பட்டு, 1782இல் தடை நீங்கியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது வால்டர் ஸ்காட் ஒழுங்கு செய்த வரவேற்பில் அவ்வுடைக்குரிய கட்டமிட்ட கம்பளித் துணி தேசிய உடையாகவே ஏற்றம் பெற்றது. வட கரோலினாவின் கிராண்ட்ஃபாதர் மலையில் 1956 முதல் நடக்கும் விளையாட்டு விழாவில் ஸ்காட்லாந்து வம்சாவளியினர் குலப்பெயர் வாரியாகக் கூடுகிறார்கள். அங்கும் வீட்டுப் பெயர்தான் அடையாளம். ஆனால் இரு கொள்கைகளும் குடியேறியவரின் முகத்தைப் பிறந்த மண்ணை நோக்கியே திருப்பி வைக்கின்றன. வந்து சேர்ந்த ஊர் அவர்களுக்கு என்ன கொடுத்தது என்ற கேள்வி எழுவதே இல்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேட ஏற்ற நூல் ஒன்று ராஜபாளையத்துக்குப் பக்கத்து ஊரையே களமாகக் கொண்டிருக்கிறது. கிருஷ்ணதேவராயர் (ஆட்சி 1509–1529) தெலுங்கில் இயற்றிய ஆமுக்தமால்யதா, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரையும் ஆண்டாளையும் பாடும் ஆறு ஆச்வாசக் காவியம். கலிங்கப் படையெடுப்பின்போது கிருஷ்ணைக் கரையிலுள்ள ஸ்ரீகாகுளத்தில் ஏகாதசி நோன்பிருந்த மன்னரின் கனவில் ஆந்திர விஷ்ணு தோன்றி, ஆண்டாளின் திருமணத்தைத் தெலுங்கில் பாடச் சொன்னதாக நூலின் முகப்பு கூறுகிறது. தெலுங்கில் ஏன் என்று கேட்டால், நாடு தெலுங்கு நாடு, தான் தெலுங்கு வல்லபன் என்று இறைவன் காரணம் அடுக்கும் செய்யுள் அங்கேதான் வருகிறது. நாட்டு மொழிகளுள் தெலுங்கே சிறந்தது என முடியும் அதன் ஈற்றடி இன்று உலகெங்கும் தெலுங்குச் சங்க மேடைகளில் முழங்குகிறது.

அந்த அடியை மொழிப் பெருமையின் முழக்கமாக மட்டும் வாசிப்பதே இதுவரை வழக்கம். அது போதாது. செய்யுள் ஒரு கேள்விக்கு விடையாக அமைந்திருக்கிறது. 'ஏன் தெலுங்கு' என்னும் கேள்வி எழ வேண்டுமானால், கதைக்கு உரிய மொழி வேறொன்று என்பது முன்பே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும். அடுத்து, பணிய வரும் அரசர் பலரோடும் பேசிப் பழகிய நீ அறியாததா என்று மன்னரின் அனுபவமே சாட்சிக்கு அழைக்கப்படுகிறது. பல மொழிகள் புழங்கிய அவையில்தான் இந்த ஒப்பீடு பிறக்க முடியும். நூலின் பெயரோ ஐயத்துக்கு இடமே வைக்கவில்லை: ஆமுக்தமால்யதா என்பது 'சூடிக் கொடுத்தவள்' என்ற தமிழ்ப் பெயரின் வடமொழி வடிவம். தமிழ் ஊரின் பெண்ணை முதலில் ஏற்றுக்கொண்டு, அதன் பிறகே தெலுங்கு தன் சிறப்பைச் சொல்லிக்கொள்கிறது. மேடையில் முழங்குவோர் ஈற்றடியை மட்டும் எடுத்துக்கொள்வதால் இந்த வரிசை மறைந்துபோகிறது, இழப்பு சிறியதன்று.

முதல் ஆச்வாசத்தில் பெரியாழ்வார் அடியார்களுக்கு இடும் விருந்து பருவந்தோறும் மாறுகிறது. மழைக்காலத்தில் நாலைந்து கறிகளும் வற்றல் வடகமும் நெய்யும் தயிரும். கோடையில் நீர்மோரும் கரும்புச் சாறும் இளநீரும். இந்தப் பந்தியை ஆந்திர வீட்டுச் சமையல் என்று காட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் வெறும் பெயரளவில் நிற்கிறது என்பாருண்டு. நகர வருணனை காவிய மரபு என்பது உண்மைதான். ஆயினும் வடகமும் நீர்மோரும் இரு மொழிக்காரர் வீட்டிலும் உள்ளவை. அவற்றைக் கொண்டு ஊரை இடம்பெயர்க்க முடியாது. ஆறு ஆச்வாசங்களில் ஆண்டாள் கதைக்குக் கிடைத்த இடம் குறைவு என்ற மறுப்பு, நூலின் தலைப்பையே மறந்து எழுந்தது.

ராஜுக்கள் இக்காவியத்தைப் படித்து வழி கண்டார்கள் என்பது இங்கே வாதமன்று. வந்த ஊரை ஏற்றுக்கொண்டே தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒரே மனப்போக்கு இரு இடங்களிலும் தெரிகிறது என்பதே வாதம். மூன்றாவது சான்று ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம். அங்குள்ள வைத்தியநாத சுவாமி கோயிலின் தல வரலாறு, திருமலை நாயக்கரின் வயிற்று நோய் இச்சந்நிதியில் தீர்ந்ததாகச் சொல்கிறது. மன்னரின் நோய் தீர்ந்ததற்குத் தல வரலாற்றை ஆதாரமாக்க முடியாது. ஆனால் தெலுங்கு வம்சத்து மன்னர் ஒருவரை ஊர் தன் கதைக்குள் நோயாளியாக அமர்த்திக்கொண்டது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. வெள்ளை நிற ராஜபாளையம் நாயை மூதாதையர் கொண்டுவந்தது என்னும் பேச்சு, மூல நாட்டின் நினைவைக் காப்பதே மரபு என்னும் கொள்கைக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால் 2005இல் அஞ்சல் தலையிலும் ஏறிய அந்த நாய், வந்து சேர்ந்த ஊரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

குமாரசுவாமி ராஜா தம் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்கு எழுதிக் கொடுத்தார். பூசபாடி என்னும் வீட்டுப் பெயர் அவர் பெயரின் முதலெழுத்தில் தங்க, குடியிருந்த வீடு ஊர்ப் பொதுவாயிற்று.

ஆமுக்தமால்யதா திருவேங்கடமுடையானுக்குப் படைக்கப்பட்ட நூல். இன்றும் திருமலைப் பிரம்மோற்சவத்துக் கருட சேவைக்கு ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போகிறது. கூடவே மரவள்ளி இலையில் உடலும் மாதுளம்பூவில் அலகுமாகக் கட்டிய கிளி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குத் திருமலையிலிருந்து பட்டு வருகிறது. தமிழ் நாட்டிலிருந்து மாலையும் தெலுங்கு நாட்டிலிருந்து பட்டும் ஒன்றுக்கொன்று எதிரே போய்வரும் அதே வழியில்தான் காவியமும் தன் கதையைக் கொண்டுசென்றது.