புதுச்சேரி மேகமும் வாஸ்ப்-18பி கோளும்

கடற்கரையில் இருக்கிறது புதுச்சேரி. 1769 ஜூன் 4 அதிகாலையில் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜெந்தில் அங்கே தொலைநோக்கியோடு காத்திருந்தார். சூரியனின் முகத்தைக் குறுக்கே கடக்கும் வெள்ளிக் கிரகத்தைப் பார்ப்பதற்காக. 1761-இல் நடந்த முந்தைய கடப்பின்போது ஊரை ஆங்கிலேயர் பிடித்துவைத்திருந்ததால், கப்பலிலிருந்துதான் அதைப் பார்க்க நேர்ந்தது. ஆடும் தளத்தில் எடுத்த அளவு எதற்கும் உதவவில்லை. இந்த முறை நிலம் கிடைத்தது, வானம் கிடைக்கவில்லை. கடப்பு முடியும்வரை மேகம் மூடியிருந்தது. பிறகு வெயில் அடித்தது. இதை எல்லாரும் ஒரு துரதிர்ஷ்டக் கதையாகவே சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது வேறொரு வரலாற்றின் தொடக்கப் பக்கமாகப் படுகிறது. வேற்று விண்மீன்களை ஒட்டிச் சுற்றிக் கொதிக்கும் பெருங்கோள்களின் காற்றை ஆராயும் துறைக்கு, 51 பெகாசி பி கண்டறியப்பட்ட 1995-ஐயே பிறந்த ஆண்டாகச் சொல்வது வழக்கம். அந்த ஆண்டு கிடைத்தது கோள்தான். அதன் காற்றைப் படிக்கும் வழிகள் அதற்கு வெகு காலம் முன்பே உருவாகிவிட்டன. அவற்றில் சில தென்னிந்தியாவைத் தொட்டுக்கொண்டு வந்தவை.

வழி எளிமையானதுதான். சிறியதொரு கோள் ஒளிவட்டத்தைக் கடக்கும்போது அதன் விளிம்பில் இருக்கும் காற்றை ஒளி உரசிக்கொண்டு வருகிறது. காற்றில் உள்ள பொருள்கள் தமக்குரிய நிறங்களைப் பிடித்துக்கொள்கின்றன. 1761 கடப்பில் வெள்ளியின் ஓரத்தில் ஒளிர்வைக் கண்ட ரஷ்யர் லொமனோசவ், அந்தக் கிரகத்துக்குக் காற்று உண்டு என்று முடிவுசெய்தார். 1874 டிசம்பர் கடப்பில் தக்கினி தலைமையில் வங்காளத்துக்கு வந்த இத்தாலியக் குழு, நிறமாலைமானியையே வெள்ளியை நோக்கித் திருப்பியது. அதே கடப்பைப் பொதுமக்களுக்கு விளக்க, சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி உரையாடல் வடிவில் ஒரு சிறுநூல் எழுதினார். நம் பஞ்சாங்கக்காரர்கள் இதில் சேர மாட்டார்கள். கிரகணம் எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று அவர்கள் சோழிகளை வைத்துப் போட்ட கணக்கை லெ ஜெந்திலே புதுச்சேரியில் கற்று வியந்தார் என்றாலும், அந்த ஒளியின் பொருள் என்ன என்பது அவர்கள் கேட்ட கேள்வியல்ல. 2002-இல் எச்டி 209458பி கோளின் காற்றில் ஹப்பிள் தொலைநோக்கி வழியே சோடியம் கண்டுபிடிக்கப்பட்டது. வடிவக்கணக்கில் பார்த்தால் அதுவும் லெ ஜெந்தில் காத்திருந்த அதே காட்சிதான்.

இதற்கு நெருங்கிய உறவு ஜவ்வாது மலையில் இருக்கிறது. 1972 ஜூன் 7 அன்று வியாழனின் நிலவான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்ததைக் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் பதிவுசெய்தார்கள். விண்மீன் சட்டென்று அணையாமல் சற்றே இழுபட்டு மங்கியதைக் கொண்டு கானிமீடுக்குக் காற்று உண்டு என்றார்கள். அவர்கள் சொன்ன அழுத்தம் மிக அதிகம் என்று வாயேஜர் விண்கலம் பின்னர் காட்டியது. அங்கே மெல்லிய ஆக்சிஜன் இருப்பதை 1990-களில் ஹப்பிள் காட்டியது. தப்பான எண்ணை வைத்து முன்னோடிப் பட்டம் சூட்டலாமா என்று கேட்கலாம். பட்டம் வேண்டாம். ஆனால் எண் திருத்தப்பட்டதே தவிர, விளிம்பில் மங்கும் ஒளியைக் காற்றின் அடையாளமாக எடுக்கும் முறையை யாரும் கைவிடவில்லை.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. வெள்ளியும் கானிமீடும் திடமான உருண்டைகள். கொதிக்கும் வாயுக்கோளுக்கும் அவற்றுக்கும் என்ன சம்பந்தம்? இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. மிகச் சூடான கோளின் காற்று, கோளைவிட விண்மீனையே ஒத்திருக்கிறது. 2009-இல் அறியப்பட்ட வாஸ்ப்-18பி வியாழனைவிடப் பத்து மடங்கு நிறையுள்ளது. ஒரு நாளுக்குள் தன் விண்மீனைச் சுற்றிவிடும். பகல் பக்கத்தின் வெப்பம் 2,700 டிகிரி செல்சியஸை ஒட்டியது. கோள் விண்மீனுக்குப் பின்னால் ஒளியும்போது குறையும் வெளிச்சத்தைக் கணக்கிட்டு அதன் சொந்த ஒளியைப் பிரித்தார்கள். தண்ணீரின் சுவடு இருக்க வேண்டிய இடத்தில் நிறமாலை ஏறக்குறைய மொட்டையாக வந்தது. தண்ணீரே குறைவு, கார்பன் மோனாக்சைடுதான் அதிகம் என்று 2017-இல் ஒரு விளக்கம் வந்தது. மறு ஆண்டு வேறு குழுக்கள் சொன்னது இது: மேலடுக்கில் தண்ணீர் மூலக்கூறுகள் உடைகின்றன, உலோக அணுக்கள் எலக்ட்ரான்களை உதிர்க்கின்றன, ஹைட்ரஜன் அணு அதில் ஒன்றைக் கூடுதலாக ஏற்று எதிர்மின் அயனியாகிறது. அது எல்லா நிறத்தையும் சற்றுச் சற்று விழுங்கி, வெள்ளைச் சுவரில் எழுதிய வெள்ளை எழுத்தைப்போல் தண்ணீரின் சுவட்டை மறைக்கிறது. உலோகம் எந்த வெப்பத்தில் எவ்வளவு எலக்ட்ரான் உதிர்க்கும் என்ற சமன்பாட்டை 1920-இல் தந்தவர் மேகநாத் சாகா. அந்த அயனி எவ்வளவு ஒளியை விழுங்கும் என்று 1940-களில் நம்பகமாகக் கணக்கிட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சு. சந்திரசேகர், அவர் விளக்க முயன்றது சூரியனின் வெளிமுகம் ஏன் ஒளிபுகாமல் இருக்கிறது என்பதை. வேற்றுக்கோள் எதுவும் உறுதியாகக் கண்டறியப்படாத காலம் அது.

சந்திரசேகர் அந்தக் கணக்கைப் போட்டது அமெரிக்காவில், லெ ஜெந்தில் பிரெஞ்சுக்காரர். இதையெல்லாம் நம் ஊர்க் கணக்கில் எழுதுவது வீண் பெருமை என்பார்கள். ஊர்ப்பெருமை என்றால் சரிதான், தள்ளிவிடலாம். என் வாதம் முறை எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றியது: சூரியனுக்காகக் கட்டிய இயற்பியல் கோளுக்குப் பொருந்தியது, ஏனெனில் கோள் அவ்வளவு சூடு. 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வாஸ்ப்-18பியில் தண்ணீரின் மெல்லிய சுவட்டைப் பிடித்தபோது, அந்தக் கோளில் தண்ணீர் இல்லாமலில்லை, மேலே உடைந்தும் மறைந்தும் கிடக்கிறது என்ற 2018 விளக்கமே வலுப்பட்டது. வரலாற்றில் பங்கு இருப்பதால் இன்று கருவியும் கையில் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. 2021-இல் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தார் மவுண்ட் அபுவின் 1.2 மீட்டர் தொலைநோக்கியில் பராஸ் நிறமாலைமானியைப் பொருத்தி டிஓஐ-1789பி என்னும் சூடான வாயுக்கோளை உறுதிசெய்தார்கள். அதன் எடையை அளந்த அந்தத் தொலைநோக்கி, அதன் காற்றைப் படிக்கப் போதாது.